ஊலோங் தேநீருக்கு ஒரு கேன் தண்ணீர்

வேங்கிக்காலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடும். கல்யாணம் முடிந்து இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலையில் நான் முதலில் கவனித்தது அதைத்தான். மலையை அல்ல, கோபுரத்தை அல்ல. மலேசியாவின் ஈப்போவிலிருந்து சேலை மடிப்புகளுக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுவந்திருந்த மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தை எடுத்து, அதில் ஒரு கரண்டி ஊலோங் தேயிலை போட்டு, கொதிநீர் ஊற்றி மூடினேன். ஒரு நிமிடம் கழித்து வடித்தபோது, இளமஞ்சளாக இறங்கவேண்டிய சாறு துருப்பிடித்த குழாயிலிருந்து வந்ததுபோல் கலங்கி நின்றது. மேலே ஒரு மெல்லிய ஆடை. முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், "பாலு இருக்குது, சக்கரை இருக்குது, அப்புறம் இன்னாத்துக்குடி இந்தக் கழனித் தண்ணி" என்றார். மாமியார் வேறு யாருமில்லை, என் அப்பாவின் சொந்த அக்கா ராஜம்மாள். அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய முதல் வாக்கியம் அது.

ஈப்போவிலும் கிள்ளானிலும் இருக்கிற நீங்கள் கூட்டமாக விமானம் ஏறி இங்கே வருகிறீர்கள். மலையைச் சுற்றுகிறீர்கள், விபூதிப் பொட்டலம் வாங்குகிறீர்கள், லாட்ஜில் ஒரு நாள் தங்குகிறீர்கள். திரும்பிப் போனதும் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அண்ணாமலையார் காலடியில் வாழக் கொடுத்து வைத்தவள் நான் என்று. தயவுசெய்து இனிமேல் அப்படி எழுதாதீர்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த ஊர் எனக்கு என்ன கொடுத்தது, எதை என் கையிலிருந்து கீழே கொட்டச் சொன்னது என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

நான் ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனத் தேயிலை மொத்த வியாபாரியின் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள். அப்பா அந்தக் கடைக்கு லாரி ஓட்டினார். நான் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டத்தான் போனேன். ஒரு நாள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, இரண்டு கிண்ணத்தை வைத்து வித்தியாசம் கேட்டார். இரண்டாவதில் ஈரச் சாக்கு வாசனை வருகிறது என்றேன். அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். அடியில் பூஞ்சணம். அன்றிலிருந்து சுவை பார்க்கும் மேசையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. மூன்று கிராம் தேயிலை, ஆறு நிமிடம், வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள். கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சவேண்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் மூக்குக்கும் எட்டும். தைவானின் உயரமான மலைகளிலிருந்து வரும் ஊலோங்தான் எங்கள் கடையில் உசத்தி. பனியிலும் குளிரிலும் மெதுவாக வளரும் இலை. குண்டுமணி அளவுக்கு உருட்டி வைத்திருப்பார்கள். வெந்நீர் பட்டதும் அது பிரிந்து, காம்போடு முழு இலையாக நிமிரும். முதல் தண்ணீரில் பூ வாசனை, இரண்டாவதில் காய்ச்சிய பாலின் வாசனை. விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டைக்குள்ளிருந்து ஒரு தித்திப்பு மேலே ஏறும். அந்த மேசையில் உட்காருவதற்காக ஆறு வருஷம் நான் தலையில் எண்ணெய் வைக்கவில்லை, மல்லிகை வைக்கவில்லை, மத்தியானத்தில் மிளகாய் தொடவில்லை.

இதெல்லாம் வேங்கிக்காலில் குற்றமாயிற்று. பூ வைக்காத மருமகள், எண்ணெய் தடவாத மருமகள், மாடு தொட்டியில் குடிப்பதுபோல் உறிஞ்சுகிற மருமகள். தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் கற்பூரம் வைக்காதீர்கள் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். "சாமிக்கு வெக்கறது உன் எலைக்கு ஆவலயா" என்று அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கணவர், அதாவது மாமா, மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்காரர். மாமா சண்டை போடமாட்டார். "எதுக்கு வம்பு, அவங்க குடிக்கற டீயவே நீயும் குடிச்சிட்டுப் போயேன்" என்பார். எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர்கள் யாரும் வருவதில்லை, யாரும் ஊருக்குப் போவதும் இல்லை. அப்பா பிறந்த ஊர் பக்கத்தில்தானே, ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டேன். "அங்க யாரும் இல்ல. போனவங்க போயாச்சு" என்று அத்தை பேச்சை முடித்துவிட்டார். அப்பாவும் எங்களிடம் ஊரைப் பற்றிப் பேசியவர் இல்லை. ஊரின் பெயர் மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை சுவை பார்ப்பது. அதையே செய்தேன். தேயிலையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தண்ணீரைச் சுவைக்க ஆரம்பித்தேன். வீட்டு போர் தண்ணீர் நாக்கின் இரண்டு ஓரத்தையும் இறுக்கியது. அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் மருந்து வாசனை. பக்கத்துத் தெருக் கைப்பம்பில் இரும்பு. டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர் மனைவி, "மருமவளுக்கு ஒடம்பு எதுனா சரியில்லீங்களா" என்று அத்தையிடம் கேட்டாள். "ஃபாரின்ல வளந்தவ, அப்டித்தான்" என்றார் அத்தை. அந்தப் பதிலில் இருந்த வெறுப்பு எனக்குப் புரிந்தது. அதோடு ஒரு நிம்மதியும் இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் நானும் மாமாவும் மலையைச் சுற்றப் போனோம். அடி அண்ணாமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்குத் தாகம். மாமா காலில் முள் குத்தி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் பாதையை விட்டு இறங்கி, மோட்டார் சத்தம் கேட்ட பக்கமாக வரப்பில் நடந்தேன். சாமந்தித் தோட்டம். படி வைத்த கல் கிணறு. பக்கத்தில் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கையில் பிடித்துக் குடித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். உப்பு இல்லை, இரும்பு இல்லை, எதுவும் நாக்கை இழுக்கவில்லை. வழுவழுப்பாக உள்ளே இறங்கியது. இதில் என் தேயிலை திறக்கும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஐந்து லிட்டர் கேனோடு தனியாகப் போனேன். மாமாவின் சைக்கிள். ஈப்போவில் தைத்த சுடிதார். தோட்டத்தில் பூ பறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பேர் பச்சையம்மாள் என்று பின்னால் தெரிந்தது. நம் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பசியா? எனுக்கின்னா பசி? அன்னதானம் போடறவங்களா நீங்க?"

இல்லை, தண்ணீர் வேண்டும், ஒரு கேன் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க என்ன ஆளுங்க?"

"மலேசியா ஆளுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "ஆசிரமத்தாண்ட தங்கியிருக்கறவங்களா? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. நம்ம கெணத்துத் தண்ணி மாரி இந்தப் பக்கத்துல எங்கயும் கெடையாது." அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் சொன்ன பதிலே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழெட்டு மாதம் வாரம் ஒரு தடவை போனேன். அந்தத் தண்ணீரில் ஊலோங் அது பிறந்த மலையில் திறப்பதுபோல் திறந்தது. கிண்ணத்தின் மூடியை முகர்ந்தால், வெயில் படாத இடத்தில் பூத்த பூவின் வாசனை. ஐந்தாவது தண்ணீர் வரைக்கும் தித்திப்பு நின்றது. மத்தியானம் அத்தை படுத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் பின்கட்டில் உட்கார்ந்து குடிப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் இந்த ஊரை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தண்ணீர் எங்கே பிடிக்கிறாய் என்று அத்தை ஒரு தடவை கேட்டார். மலை சுற்றும் வழியில் என்றேன். பக்தர்களுக்கு வைத்த குழாய் என்று நினைத்துக்கொண்டார் போல. அதற்குமேல் கேட்கவில்லை.

பச்சையம்மாள் அன்பானவள் என்று சொல்லமாட்டேன். என் தமிழைக் கேலி செய்வாள். வரப்பில் செருப்போடு நடந்தால் திட்டுவாள். ஆனால் "வாங்க மலேசியாம்மா" என்று கூப்பிடுவாள். இரண்டு ரோஜாவாவது கையில் கொடுக்காமல் அனுப்பமாட்டாள். இந்த ஊரில் என்னை வாருங்கள் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் கெட்டிலையும் இரண்டு சின்னக் கிண்ணங்களையும் கொஞ்சம் தேயிலையையும் பையில் எடுத்துப் போனேன். கேனை நிரப்பி வைத்துவிட்டு, மோட்டார் கொட்டகை நிழலில் மூன்று கல் கூட்டி, அவள் கொடுத்த சுள்ளியில் தண்ணீர் காய்ச்சி, அவள் கிணற்றுத் தண்ணீரிலேயே ஊலோங் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "கசப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. இதுக்கா சைக்கிள் மிதிச்சுக்கினு வரீங்க?" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்க. தொண்டையில வரும்."

பொறுத்தாள். புருவம் உயர்ந்தது. "ஆமா. வருது." கிண்ணத்தை மறுபடி நீட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். "இது எந்த ஊர் எல்லைங்க? அடி அண்ணாமலையா?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். அது என் அப்பாவின் ஊர். ஏழெட்டு மாதமாக அப்பாவின் ஊர்த் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. "இது எங்க ஊருங்க. எங்க அப்பா பொறந்தது இங்கதான். முனுசாமின்னு பேரு. சின்ன வயசுலயே கப்பல் ஏறிட்டாரு. அவரோட அக்காதான் என் மாமியார், ராஜம்மா. வேங்கிக்கால்ல இருக்கோம்."

"ராஜம்மா" என்றாள் பச்சையம்மாள் மெதுவாக. "புருசன் பஸ் ஸ்டாண்டாண்ட சைக்கிள் கடை வெச்சிருந்தானே, அந்த ராஜம்மாவா?"

"ஆமாங்க. தெரியுமா உங்களுக்கு?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தொட்டியண்டை போய் வாயைக் கொப்புளித்தாள். ஒரு தடவை அல்ல. நான் எண்ணவில்லை, ஆனால் ரொம்ப நேரம். சேலைத் தலைப்பால் உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் குரல் மாறியிருந்தது. அதில் இருந்த 'ங்க' போய்விட்டது.

"அந்தக் கேன்ல இருக்கறதக் கொட்டு."

கேனைக் கையில் எடுத்தேன்.

"பாத்தியில ஊத்தாத. தோ, அந்த முள்ளாண்ட ஊத்து. காலனிக்கார பொண்ணுன்னு மொதல்லயே சொல்றதுக்கின்னா? மலேசியா, மலேசியான்னு ஏமாத்திக்கினு இருந்திருக்க."

"நான் ஏமாத்தலீங்க. எனக்குத் தெரியாது."

"உனுக்குத் தெரியாட்டி உன் மாமியாளுக்குத் தெரியாதா? கொட்டிட்டுப் போ. இனிமே வராத."

கொட்டினேன். முள்வேலி ஓரத்தில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கெட்டிலும் கிண்ணங்களும் கொட்டகையிலேயே கிடந்தன. எடுக்கத் தோன்றவில்லை. மலேசியாவிலும் சாதி பார்ப்பவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு வரும்போது தெரியும். அப்பா அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். அவர் சீர்திருத்தக்காரர் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். இருபத்தெட்டு வயதில், காலிக் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் நான் யார் என்று எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னவள் வாயைக் கொப்புளித்துவிட்டுச் சொன்னாள்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கிணறு என்றதும் கை நின்றது. பூந்தோட்டம் என்றதும் முகம் சாம்பலாகிவிட்டது.

"பேரு சொன்னியா?"

"சொன்னேன்."

"வேங்கிக்கால்னும் சொன்னியா?"

"சொன்னேன் அத்தை. ஏன் என்கிட்ட யாருமே சொல்லலை?"

எழுந்து உள்ளே போனார். என் மூடிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். பின்கட்டுக் கல்லில் ஓங்கி அடித்தார். அது மூன்று துண்டாகப் போயிற்று. "எலையக் குடிக்கறாளாம் எலைய" என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். என்னைப் பார்க்காமல், உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நானும் உங்கப்பனும் அந்த நெலத்துக்குத்தான் களை எடுக்கப் போவோம். இந்தப் பச்சையம்மா மாமனாரு காலம். மோட்டாரு கெடையாது, மாடு கட்டி எறைக்கற கவலைதான். தண்ணி ஓடிக்கினே இருக்கும். நாங்க குடிக்கக் கூடாது. ஊத்தக்கூட மாட்டாங்க. ஏரிக்குப் போய்க் குடிச்சிட்டு வான்னுவாங்க. மாடு எறங்கற ஏரி. ஒரு நாளு உங்கப்பன் வெய்யில் தாங்காம படி எறங்கிட்டான். தண்ணியில கை வெக்கறதுக்குள்ள புடிச்சுட்டாங்க. புளிய மெளாறு. முதுவு பூரா. அடுத்த வருசம் எவன் கையையோ காலையோ புடிச்சுக் கப்பல் ஏறிட்டான். நான் இங்கியே கெடந்தேன். புள்ளையப் படிக்க வெச்சு, வேலைக்கு அனுப்பி, யாரும் எங்களத் தெரியாத எடமாப் பாத்து வூடு புடிச்சேன். நீ போய் பேரு சொல்லிட்டு வந்துட்ட."

மாமா சாயங்காலம் வந்ததும் அத்தை அவரிடம் சொன்னார். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இத்தினி வருஷம் இந்தத் தெருவுல ஒருத்தன் என்னை அந்தக் கேள்வி கேக்கல. ஒரு டீக்காக" என்றார். அவ்வளவுதான். சண்டை போடாத மனிதர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவே இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

பச்சையம்மாள் வேங்கிக்காலுக்கு வந்து தமுக்கு அடிக்கவில்லை. அவள் கோயில் வாசலுக்குப் பூ கொண்டுபோவாள். வீட்டுக்காரர் மனைவி அங்கே பூ வாங்குவாள். அது போதுமாக இருந்தது. அந்த வாரமே மாடிக்குப் போகும் வழியில் எங்கள் பக்கம் கதவு சாத்தப்பட்டது. கொடியில் எங்கள் துணி அவர்கள் துணியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. பத்தாம் நாள் வீட்டுக்காரர் கீழே வந்தார். நல்ல மனிதர். மாமாவோடு தினமும் பேப்பர் படித்தவர்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். பையன் ஊர்லேர்ந்து வந்துடறானாம். கீழ்ப் போர்ஷன் தேவப்படுது."

"எப்ப வராருங்க?" என்று மாமா கேட்டார்.

"இந்த மாசத்துக்குள்ளயே பாத்துக்குங்க" என்றார் அவர். அவருக்கு இருந்தது இரண்டு பெண்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நான் கேனை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதே சுடிதார், அதே சைக்கிள். என்ன செய்யப் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே தெரியாது. தோட்டத்தில் பச்சையம்மாளும் பக்கத்து நிலத்தில் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். மோட்டார் ஓடவில்லை. நான் நேராகக் கிணற்றுப் படியில் இறங்கினேன். பதினொரு படி. கடைசிப் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி முதலில் நான் குடித்தேன். பிறகு கேனை முக்கினேன். அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. மேலே பச்சையம்மாளின் குரல் கேட்டது. "மலேசியாக்காரின்னா ஒறைக்காதா? வராதன்னு சொன்னா தெரியாதா?"

ஏறி வந்தேன். "நான் மலேசியாக்காரி இல்லீங்க. இந்த ஊர்க்காரி. நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

ஆண்கள் இரண்டு பேரும் வரப்பில் வந்துவிட்டார்கள். ஒருவன் கையில் மண்வெட்டி. அவன் என் சைக்கிளைக் காலால் தள்ளிச் சாய்த்தான். இன்னொருவன் அவன் தோளைப் பிடித்தான். "வேணாம்டா. ஃபாரின் பாஸ்போர்ட்டு. மேல கை பட்டா எஸ்.பி. ஆபீஸு வரிக்கும் போயிடும்." அவன் சொன்னது உண்மைதான். வருஷா வருஷம் நான் எஸ்.பி. ஆபீஸில் வெளிநாட்டவர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இந்த ஊரில் இருக்கிறேன். சைக்கிளை நிமிர்த்திக் கேனைக் கட்டினேன். நான் அந்த ஊர்க்காரியாக இருந்திருந்தால் அன்றைக்கு முழுசாகத் திரும்பியிருக்கமாட்டேன். இந்த எண்ணத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

வீட்டில் அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொம்பில் தண்ணீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். தேயிலை போடவில்லை. காய்ச்சவும் இல்லை. எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை. என் சுடிதாரின் நனைந்த கால்பகுதியைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். சாக்கின் வாயைக் கட்டி முடித்துவிட்டுத்தான் கையில் எடுத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்துக் குடித்தார். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். மறுபடி ஒரு மிடறு. சொம்பு காலியாகும் வரை நான் பக்கத்தில் நின்றேன்.

"இவ்ளோதானா" என்றார்.

சொம்பைக் கவிழ்த்து, அதையும் சாக்கில் போட்டார்.

அதற்குப் பிறகு நானும் அவரும் ஒன்றாகிவிட்டோம் என்று கற்பனை செய்யாதீர்கள். ரயில்வே கேட் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போனோம். அங்கேயும் பூ வைக்காததற்குத் திட்டினார். நானும் பதில் பேசினேன். மகள் பிறந்தாள். அவளையும் எனக்கு எதிராகத்தான் வளர்க்கப் பார்த்தார். சாகிற வரைக்கும் என் தேநீரை அவர் வாயில் வைக்கவில்லை. ஆனால் நான் உறிஞ்சும்போது கேலி செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார். அப்பாவுக்கு நான் எல்லாவற்றையும் கடிதமாக எழுதியிருந்தேன். பதில் வந்தது. ஈப்போவில் மழை அதிகம், தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம், உடம்பைப் பார்த்துக்கொள். கிணற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்பா இறந்துபோனார். தந்தி போல ஒரு போன். பதினோரு வருஷம் கழித்து மலேசியாவில் இறங்கினேன். குடிநுழைவு வரிசையில் என் சிவப்புப் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி மலாயில் ஏதோ கேட்டாள். எனக்குச் சட்டென்று வாயில் வரவில்லை. நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஈப்போவில் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். தேயிலைக் கடைத் தவுக்கேயின் மகன் ஒரு பெட்டி உயர்மலை ஊலோங் கொடுத்தனுப்பியிருந்தான். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நானே போட்டுக் கொடுத்தேன். ஈப்போத் தண்ணீரில் அது ஒரு குறையுமில்லாமல் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு போட்டால்கூட வரும்.

அப்பாவோடு லாரி ஓட்டிய மூன்று கிழவர்கள் கூடாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிண்ணத்தை நீட்டியபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான ஊர்ல கட்டிக் கொடுத்த மகள்? உங்கப்பன் எங்ககிட்ட ஒரே கதையத்தான்மா சொல்லுவான். எந்த டீய குடுத்தாலும் சொல்லுவான். எங்க ஊர்ல பூந்தோட்டத்துக் கெணறு ஒண்ணு இருக்கு, படி எறங்கி ரெண்டு கையால அள்ளிக் குடிச்சேன்னா நாள் பூரா நாக்குல இனிப்பு நிக்கும், அந்தத் தண்ணி முன்னால இதெல்லாம் என்னான்னு. நாங்க நம்ப மாட்டோம். கதை விடறான்னு சிரிப்போம். நீ அங்கதான இருக்க. மெய்யாவாம்மா அது?"

மற்ற இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஊரை நான் வெறுக்கிறேன். அந்த வெறுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. பையில் என் திரும்பும் டிக்கெட்டும், வெளிநாட்டவர் என்று எஸ்.பி. ஆபீஸில் முத்திரை குத்திய தாளும் இருந்தன. நான் அவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மெய்தான் மாமா. நானும் குடிச்சிருக்கேன்" என்றேன். எத்தனை படி, கல் எப்படிச் சில்லென்று இருக்கும், தண்ணீர் நாக்கில் எந்த இடத்தில் முதலில் படும், விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.